ரப்பர் வளையத்தின்மேல் ஒரு மணல் துகள்

படகில் கேமராவைக் கொண்டுபோகிறவர்கள் பயப்படுவது தண்ணீருக்குத்தான். கடையில் அவர்கள் கேட்பதும் தண்ணீர் புகாத பை, தண்ணீர் புகாத பெட்டி, தண்ணீர் புகாத கேமரா. மணலைப் பற்றிப் பேச்சு வந்தால், லென்ஸில் கீறல் விழும், ஜூம் வளையம் கரகரக்கும் என்பதோடு அது முடிந்துவிடும். தண்ணீர் ஒரு தொல்லை, மணல் வேறொரு தொல்லை என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது என்பது என் வாதம். ஒழுங்காக மூடிய நல்ல பெட்டிக்குள் தண்ணீர் தானாகப் புகுவது அரிது. அதற்கு வழிவிடுவது பெரும்பாலும் மூடியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மணலும் தூசும் முடியிழையும்தான். மணலைக் கவனிக்காதவர் எவ்வளவு விலை கொடுத்துத் தண்ணீர்க் காப்பு வாங்கினாலும் அது அவருக்குப் பாதிதான் உழைக்கும். இதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆறு. லீஸ் ஃபெரி என்ற துறையில் படகேறினால் டயமண்ட் கிரீக் என்ற இடம்வரை 226 மைல், அதாவது சுமார் 364 கிலோமீட்டர். துடுப்புப் படகில் போனால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. பகல் முழுக்கத் தண்ணீர் தெறிக்கும். இரவு தங்குவது ஆற்றோர மணல்திட்டில். காலையில் நனைந்த பெட்டி மாலையில் மணலில் கிடக்கும், மறுநாள் காலை மறுபடி நனையும். தண்ணீரும் மணலும் இத்தனை நெருக்கமாகக் கைகோத்து வேலை செய்யும் இடங்கள் குறைவு.

இந்த ஆற்றில் கேமரா இறங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜான் வெஸ்லி பவல் 1871–72இல் நடத்திய இரண்டாவது ஆய்வுப் பயணத்தில் கொண்டுபோனது ஈரத்தட்டு முறைக் கருவிகள். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். அந்த ஈரப் பூச்சின்மேல் காற்றில் வந்த ஒரு துகள் ஒட்டினாலும் அது படத்தில் புள்ளியாக நின்றுவிடும். அந்தப் பயணத்தில் படகோட்டியாகச் சேர்ந்த ஜான் ஹில்லர்ஸ், பயணத்தின்போதே புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, பின்னாளில் பவலின் ஆய்வுகளுக்கெல்லாம் புகைப்படக்காரராக இருந்தார். நாற்பது ஆண்டு கழித்து எல்ஸ்வொர்த், எமரி என்ற கோல்ப் சகோதரர்கள் 1911 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து இரண்டு படகுகளில் கிளம்பி, 1912 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊரை அடைந்தார்கள். கையால் சுற்றும் சினிமா கேமராவும் கூடவே வந்தது. அப்போது எடுத்த படத்தை எமரி, 1976இல் தாம் இறக்கும் காலம்வரை, பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்த தங்கள் ஸ்டூடியோவிலேயே காட்டிவந்தார். அவர்களுடைய படகுகளில் மூடி அடைக்கும் அறைகள் இருந்தன. ஆனால் சுற்றும் கேமராவை அறைக்குள் வைத்துக்கொண்டு படமெடுக்க முடியாதே.

இந்தச் சிக்கலின் மறுமுனையைப் பார்க்க, கொலராடோவை விட்டுத் தென்துருவக் கடலுக்குப் போக வேண்டும். 1915இல் தென்துருவ ஆய்வாளர் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைப் பனிக்கட்டி நசுக்கியபோது, புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் உறைநீருக்குள் இறங்கித் தம் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். அவை ஈயப்பற்று வைத்து மூடிய தகரப் பெட்டிகளில் இருந்ததால் நீருக்கடியிலும் கெடவில்லை. எல்லாவற்றையும் சுமக்க வழியில்லாததால் சுமார் 400 தகடுகளை உடைத்துப் போட்டுவிட்டு, சுமார் 120ஐ மட்டும் மறுபடி பற்றுவைத்து மூடினார். 1916 ஏப்ரலில் திறந்த படகுகளில் எலிஃபண்ட் தீவுக்குக் கடலைக் கடந்தபோதும், அதன்பின் மீட்புக் கப்பல் வந்த ஆகஸ்டுவரையும் அவை பிழைத்துக் கிடந்தன. காரணம் எளிது: பற்றுவைத்த பெட்டிக்கு மூடியே கிடையாது. மூடி இல்லாத இடத்தில் இடுக்கு இல்லை, இடுக்கு இல்லாத இடத்தில் கசிவும் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் ஹர்லி படமெடுத்தது பெட்டிக்குள் போகாத ஒரு சட்டைப்பைக் கோடாக்கில், மூன்றே சுருள் ஃபிலிமில். ஆக, நூறு விழுக்காட்டுப் பாதுகாப்பு 1915லேயே கைக்கு வந்துவிட்டது; அதற்குள் கேமராவைப் பயன்படுத்தத்தான் முடியாது. கேமரா என்பது திறந்து மூடியாக வேண்டிய பொருள். எனவே பெட்டி மூடியிருக்கையில் எவ்வளவு தாங்கும் என்று கேட்பதைவிட, ஐம்பதாவது முறை திறந்து மூடிய பிறகும் அதே அளவு தாங்குமா என்று கேட்பதுதான் பொருத்தம்.

கொலராடோ படகோட்டிகள் இதற்கு வைத்திருக்கும் விடை ராணுவத் தோட்டாப் பெட்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட இரும்புப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. வெடிமருந்து நனையாமலிருக்கச் செய்யப்பட்டவை என்பதால் மூடியின் உட்புறம் முழுக்க ரப்பர் ஓடும். முன்புறக் கொக்கியை அழுத்தினால் மூடி அந்த ரப்பரை விளிம்பின்மேல் இறுக்கும். உள்ளே நுரை ரப்பர் ஒட்டினால் கேமராவுக்கு வீடு தயார். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளிலும், நீருக்கடியில் படமெடுக்கும் கேமரா உறைகளிலும் அந்த ரப்பரின் இடத்தில் இருப்பது ஓ-ரிங் என்ற வட்டமான ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939இல் காப்புரிமை பெற்ற கருவி. இதன் வேலை நம் வீட்டு குக்கரில் தினமும் நடப்பதுதான். மூடியில் கேஸ்கட்டைப் பொருத்தி அடுப்பில் வைத்தால், தொடக்கத்தில் ஆவி ஓரத்தில் கொஞ்சம் சீறும். உள்ளே அழுத்தம் ஏறியதும் அந்த அழுத்தமே கேஸ்கட்டை விளிம்போடு ஒட்டிப் பிடித்து ஓட்டையை அடைத்துவிடும். கேஸ்கட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் அந்தத் தொடக்கச் சீறல் நிற்கவே நிற்காது. ஓ-ரிங்கும் அப்படியே. அதைப் பள்ளத்தில் வைத்து மூடும்போது ஏற்படும் நசுக்கம் முதல் காப்பு. வெளியிலிருந்து நீர் அழுத்த அழுத்த, வளையம் பள்ளத்தின் மறுசுவரில் போய் மேலும் இறுக உட்காருவது இரண்டாவது காப்பு.

இதிலிருந்து, கேட்டவுடன் நம்பக் கடினமான ஒரு முடிவு வருகிறது. நாற்பது மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதிய உறை, படகில் தெறிக்கும் தண்ணீரை நிச்சயம் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. நாற்பது மீட்டரில் தண்ணீர் மட்டுமே நான்கு வளிமண்டல அழுத்தத்தோடு வளையத்தை அழுத்தி உதவுகிறது. நீர்மட்டத்தில் அந்த உதவி இல்லை. மூடும்போது கொடுத்த நசுக்கம் ஒன்றே துணை. அந்த நசுக்கத்தைக் கெடுக்க ஒரு மணல் துகள் போதும். நடுத்தர மணல் துகள் கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர்வரை இருக்கும். ரப்பர் அதன்மேல் வளைந்து கொடுக்கும், ஆனால் துகளின் இரண்டு பக்கமும் ரப்பர் விளிம்பைத் தொடாத சிறு இடுக்கு மிஞ்சும். அந்த இடுக்கு பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியோ உலோகமோ போல நனையக்கூடிய இரு பரப்புகளுக்கு நடுவே அவ்வளவு குறுகலான இடத்தில், நீரின் பரப்பு இழுவிசை சுமார் 15 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமமான விசையோடு தண்ணீரை உள்ளிழுக்கும். ரப்பர் அவ்வளவு நனையாது என்பதால் உண்மையில் இது குறையலாம். ஆனால் வண்டலும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த ரப்பர் புது ரப்பர் அல்ல. பெட்டி நீரில் மூழ்கக்கூட வேண்டியதில்லை, ஓரம் நனைந்தாலே போதும்.

வெப்பம் இந்த இழுப்பைப் பலமடங்காக்குகிறது. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் காற்று நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் அதிகம். ஆற்று நீரோ, கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்க ஆழத்திலிருந்து வருவதால், கோடையிலும் பல ஆண்டுகளில் பத்து டிகிரியை ஒட்டியே இருந்திருக்கிறது. 45 டிகிரியில் மூடிய பெட்டி ஆற்றில் விழுந்து உள்ளிருக்கும் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். அது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் மூழ்கியதற்குச் சமம். பெட்டி மிதந்துகொண்டிருந்தாலும், ஒரு மீட்டர் ஆழத்தின் பலத்தோடு தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மலை ஏறி இறங்குவதும் இதையே செய்யும். படகுப் பயணங்களுக்குப் பலரும் கிளம்பும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லீஸ் ஃபெரி ஆயிரம் மீட்டருக்கும் கீழே. மேலே மூடிய பெட்டி கீழே வந்ததும் திறக்க மறுப்பதற்கு இதுவே காரணம். நல்ல பெட்டிகளில் அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு வைப்பதும் இதற்காகத்தான். வால்வு இல்லாத பெட்டியை வெயிலில் வேகவிடாமல் நிழலில், ஈரத்துணி போர்த்தி வைப்பது அழகுக்காக அல்ல.

‘இவ்வளவு எதற்கு, கேமராவோ கைபேசியோ ஐபி 68 என்று தரச்சான்றோடுதானே வருகிறது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள சோதனையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் இரண்டாம் இலக்கம் 7 என்றால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். 8 என்றால், அதைவிடக் கடுமையாகத் தயாரிப்பாளர் குறித்த ஆழமும் நேரமும். சோதனை நடப்பது அசையாத நன்னீரில், புதுக் கருவியில். 7க்கான சோதனையில் நீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு ஐந்து டிகிரிக்கு மிகக்கூடாது. சற்றுமுன் சொன்ன முப்பத்தைந்து டிகிரி வேறுபாட்டை அந்தச் சோதனை பார்த்ததே இல்லை. தூசுக்கான முதல் இலக்கம் 6 வாங்கக் கருவியை வைக்கும் அறையில் பறப்பது டால்க் பொடி. கனிமங்களிலேயே மிக மென்மையானது டால்க். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 1. ஆற்று மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் எண் 7. டால்க் பொடி உள்ளே போகவில்லை என்பது உண்மை. குவார்ட்ஸ் அந்த ரப்பரை நூறு தடவை உரசியபின் என்ன ஆகும் என்று அந்தச் சான்று சொல்லவில்லை, சொல்வதாக அது உரிமை கொண்டாடவும் இல்லை. லென்ஸ் மாற்றும் கேமராக்களின் நிலை இன்னும் பலவீனமானது. மழை, தூசு தாங்கும் என்று விளம்பரத்தில் வரும். எண்ணோடு சொல்வது சிலவே. 2022இல் வந்த ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி 53. சாய்ந்து விழும் தூறலைத் தாங்கும் தரம் அது. படகின் முகப்பில் மோதித் திரும்பும் அலை தூறல் அல்ல.

மணல் கதவைத் திறப்பதோடு நிற்பதில்லை, உள்ளே வந்து தானும் வேலை செய்கிறது. லென்ஸ் கண்ணாடியின் கடினத்தன்மை பெரும்பாலும் 5க்கும் 6க்கும் இடையில். குவார்ட்ஸ் அதைக் கீறும். கண்ணாடிமேல் பூசிய ஒளிப்பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சில் ஓர் அடுக்கின் கனம், ஒளியலை நீளத்தில் கால் பங்கு என்ற கணக்கில், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் காற்றில் வந்து லென்ஸில் உட்கார்ந்த மணல் பெரிய தீங்கு செய்துவிடாது. அதைத் துணியால் துடைக்கும் கைதான் தீங்கு செய்கிறது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய துகளை விரல் அழுத்தி இழுக்கும்போது வளைந்த கீறல் விழுகிறது. எனவே முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்து ஊத வேண்டும், போகாததை நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும், துணி கடைசியில். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மாட்டினால் படம் கெடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கூடுதல் கண்ணாடி கூடுதல் பிரதிபலிப்பைத் தரும், சூரியனுக்கு எதிரே பிடித்தால் அது தெரியும் என்பது சரியே. ஸ்டூடியோவில் நானும் அதை மாட்டச் சொல்லமாட்டேன். படகில் மாட்ட வேண்டும். கீறிய ஃபில்டரைக் கழற்றி எறியலாம், லென்ஸின் முன்கண்ணாடியை அப்படிச் செய்ய முடியாது. நம் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்குள்ள மணலில் குவார்ட்ஸோடு கார்னெட்டும் சிர்க்கானும் கலந்திருக்கின்றன. கார்னெட் என்பது உப்புத்தாளிலும் உலோகத்தை அறுக்கும் நீர்ப்பீச்சிலும் தேய்பொருளாகவே விற்கப்படும் கனிமம்.

மணல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் எங்கே பெட்டியைத் திறப்பது என்பதும் தெரியும். காற்றில் மணல் நகரும் விதத்தை ரால்ஃப் பேக்னால்ட் பாலைவனத்திலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 1941இல் நூலாக வெளியிட்டார். மணல் துகள் புகைபோல மிதப்பதில்லை. தாவித் தாவிப் போகிறது. தரையில் விழும் ஒவ்வொரு துகளும் வேறு சிலவற்றை உதைத்துக் கிளப்புகிறது. தாவல்களில் பெரும்பகுதி தரையிலிருந்து சில சென்டிமீட்டர் முதல் முழங்கால் உயரத்துக்குள் முடிந்துவிடும். திட்டில் இறங்கியதும் மணலில் துண்டு விரித்து, குனிந்து பெட்டியைத் திறப்பது எல்லாரும் செய்வது; துகள்கள் மிக அடர்த்தியாகப் பறக்கும் உயரம் அதுவே. கரையில் கட்டிய படகின் இருக்கைமேல் பெட்டியை வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் திறப்பது மேல். வண்டல் வேறு கதை. 0.06 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் காற்றிலும் மிதக்கும், தண்ணீரிலும் மிதக்கும். 1963இல் அணை மூடப்பட்டபின் கொலராடோவின் வண்டலில் பெரும்பங்கு மேலேயே தங்கிவிடுகிறது. கேன்யனின் மணல்திட்டுகள் கரைந்து சுருங்கி, அவற்றை மீட்க 1996இல் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட வேண்டிய நிலை வந்தது. புகைப்படக்காரனுக்குத் தெளிந்த நீர் வசதிதான் என்றாலும், ஓர் ஆறு தன் மணலை இழந்து கிடைத்த வசதி அது. அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கோடை மழை பெய்தால் பரியா, லிட்டில் கொலராடோ என்ற கிளையாறுகள் சேற்றைக் கொண்டுவந்து ஆற்றைச் சிவக்கவைக்கும். அந்நாட்களில் படகுக்குள் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் வண்டல் கலந்தது. கரையில் கால் வைக்காதவரின் பெட்டி ரப்பரிலும், துளி காய்ந்த இடத்தில், ஒரு படலம் மிஞ்சும்.

‘இதெல்லாம் ஆற்றுக்கு, எங்களுக்குக் கடல்தானே’ என்றால், கடலில் கணக்கு இன்னும் கடுமை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. குடிநீரைவிட அது நூறு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும். நீரை மின்னாற்பகுக்க 1.23 வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். பல கேமரா பேட்டரிகள் 7.2 வோல்ட். பேட்டரி உள்ளே இருக்கையில் உப்புநீர் சர்க்யூட் பலகையைத் தொட்டால், நேர்முனையில் உள்ள செம்பு கரையத் தொடங்குகிறது. ஆகவே கேமரா கடலில் நனைந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஆன் செய்து பார்ப்பது அதற்கு நேர் எதிரான வேலை. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயன் இல்லை. அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உப்பை இழுக்காது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே அது ஈரத்தை உறிஞ்சிக் கசியும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்று அவ்வளவு வறண்டு போகும் நாள் அரிது. காய்ந்துவிட்டது என்று நினைத்த கேமரா உள்ளே அரித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். உப்பை வெளியேற்ற ஒரே வழி நன்னீர், முடிந்தால் வாலைநீர், அதன்பிறகுதான் உலர்த்தல். பெட்டியின் ரப்பரிலும் இதே கதை. கடல்நீர் காய்ந்து உருவாகும் உப்புப் படிகம் மணல் துகளைப் போலவே ரப்பரை விளிம்பிலிருந்து தூக்கிப் பிடிக்கும். கடலில் படகே தன் மணலைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று சொன்னால் தவறில்லை.

கடைசியாக வரும் மறுப்பே வலுவானது. ‘இப்படிக் கழுவிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் பெட்டியைப் பூட்டிக்கொண்டும் இருந்தால் படம் எடுப்பது எப்போது? பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் கேமரா எதற்கு?’ ஹர்லியின் தகரப் பெட்டி எழுப்பிய கேள்வியும் இதுவே. திறப்பதைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமல்ல. திறக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறேன், ஆறே அதற்கு இடம் தருகிறது. நிலவியலாளர் லூனா லியோபோல்ட் கிராண்ட் கேன்யனில் ஆற்றின் சரிவை அளந்து 1969இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு இறங்கும் மொத்த உயரத்தில் பாதி, அதன் நீளத்தில் வெறும் 9 விழுக்காட்டில் முடிந்துவிடுகிறது. கிளையாறுகள் உருட்டிவந்த பாறைகள் ஆற்றை நெருக்கும் இடங்கள் அவை. படகோட்டிகள் ரேப்பிட் என்று சொல்லும் சீற்றங்கள் அங்கேதான். மிச்சமுள்ள 91 விழுக்காட்டில் நீர் பெரும்பாலும் அமைதியாகவே போகிறது. ஒவ்வொரு சீற்றத்துக்கும் முன்னால் ஆறு தேங்கி மெதுவாகும். இரைச்சலும் முன்கூட்டியே கேட்கும். பெட்டியை மூட அந்த நேரம் தாராளம். ஈரத்துணியால் ரப்பரை ஒரு சுற்று, எதிர் விளிம்பை ஒரு சுற்று துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துக் கொக்கியை அழுத்த ஒரு நிமிடம் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத துகளும் விரலுக்கு அகப்படும். சீற்றத்துக்கு நடுவிலேயே படம் வேண்டுமென்றால், அதற்குத் தனியாக, சிறிய, விலை குறைந்த, முழுதும் மூடிய கேமரா ஒன்றைச் சட்டையில் கட்டிக்கொள்ளலாம். பெரிய கேமரா தோட்டாப் பெட்டிக்குள் இருக்கட்டும். மாலையில் முகாமில் ஓ-ரிங்கைப் பள்ளத்திலிருந்து மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் எடுத்து, நன்னீரில் கழுவி, பள்ளத்தையும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மிக மெலிதாகத் தடவித் திரும்ப வைக்க வேண்டும். கிரீஸ் வளையத்தை வழுக்கி உட்காரவைப்பதற்குத்தான். ஓட்டையை அது அடைக்காது. அதிகம் தடவினால் அடுத்த நாள் மணல் அதிலேயே ஒட்டும்.